நான்கு ஜன்னல், வாய் கிடையாது

உலகில் இதுவரை தோன்றிய உயிர்களிலேயே அரசுப் பணிக்கு மிகவும் தகுதி வாய்ந்தது எது என்ற கேள்விக்கு மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாக விடை தேடியது. விடையைக் கண்டுபிடித்த பெருமை பராகுவே நாட்டின் சான் எஸ்பிரிதியோன் நகராட்சியைச் சேரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தேநீர் இடைவேளைக்கும் சிற்றுண்டி இடைவேளைக்கும் நடுவே கிடைத்த அரை மணி நேரத்தில் அது நிகழ்ந்தது. நானும் அங்கே இருந்தேன். மூன்றாம் ஜன்னல் எழுத்தர் சிரியாக்கோ வில்யால்பா என்று வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பொதுமக்களுக்கு நான்கு ஜன்னல்கள். முதல் ஜன்னலில் மனுவை வாங்குவார்கள். இரண்டாம் ஜன்னலில், முதல் ஜன்னல் மனுவைச் சரியாக வாங்கியதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் ஜன்னலில் நான் முத்திரை குத்துவேன். நான்காம் ஜன்னல் மூடியிருக்கும். ஆனால் அதற்கும் வரிசை உண்டு. அங்கே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால்தான் மனு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் ஊருக்கு அதுவரை சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வடக்கே இருக்கும் ஊரில் அன்னாசித் திருவிழா நடக்கிறது. தெற்கே இருக்கும் ஊரில் ஒரு குதிரைக்குச் சிலை இருக்கிறது. நடுவில் நாங்கள். பேருந்து கெட்டுப்போனால் மட்டும் ஆட்கள் இறங்குகிற ஊர்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை பேருந்து கெட்டுப்போனது. இறங்கியவர்களில் ஒருவர் வெளிநாட்டு ஆய்வாளர். வெயிலுக்கு ஒதுங்கி, நகராட்சிக்கு எதிரே நிற்கும் புளிப்பு ஆரஞ்சு மரத்தடிக்குப் போனார். அங்கே இருபத்திரண்டு வருடமாக ஒரு மேஜை, ஒரு மர உரல், பத்துப் பன்னிரண்டு கட்டு மூலிகை, ஒரு பெரிய பனிக்கட்டிக் குடுவை. மேஜைக்குப் பின்னால் ஞா எத்தெல்வீனா. 'ஞா' என்பது வயதில் பெரிய பெண்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதை. வருகிறவர் முகத்தைப் பார்ப்பார். "ஈரலா, சிறுநீரகமா, மனசா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திராமல் இடித்துக் குளிர்ந்த நீரில் போட்டுத் தருவார். அந்த நீரை மாட்டுக்கொம்புக் கோப்பையில் இருக்கும் பச்சை இலைத்தூள் மேல் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சினால் அதுதான் தெரெரே. அது இல்லாமல் எங்கள் நாட்டில் எந்த அலுவலகமும் திறக்காது. அது இருப்பதால் எந்த அலுவலகமும் வேலை செய்யாது.

ஞா எத்தெல்வீனா என் மாமியார். பதினொரு வருடத்துக்கு முன் ஆறு மாதம் என் ஈரலுக்கு வைத்தியம் பார்த்தார். ஈரல் தேறியது என்று திருப்தியான பிறகுதான் தன் மகள் ஒப்தூலியாவை எனக்குக் கொடுத்தார். அவ்வளவு முன்யோசனை உள்ளவர்.

ஆய்வாளர் ஒரு வாய் உறிஞ்சினார். மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்டியிட்டார்.

மாடி அறையில் இருந்த எங்கள் நகரத்தலைவர் தோன் போர்பீரியோ அதைப் பார்த்துவிட்டார். 'தோன்' என்பது பெரிய மனிதர் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. பண்பாட்டுத் துறைச் செயலர் லிசென்சியாதா கிரிசெல்தாவைக் கூப்பிட்டார். 'லிசென்சியாதா' என்றால் பட்டம் பெற்றவர். என்ன பட்டம் என்று கேட்பது அநாகரிகம்.

"அந்த ஆளு எதுக்கு என்னப் பாத்து முட்டி போட்டு உக்காந்திருக்கான்?"

"உங்களப் பாத்து இல்லீங்க. மரத்துல ஒரு பூச்சி இருக்கு. அதப் பாத்து."

"பூச்சியப் பாத்தா? என்ன பூச்சி?"

"உராங்க."

இங்கே ஒரு விளக்கம் தேவை. கையகலத்துக்கு இருக்கிற எந்த அந்துப்பூச்சியும் எங்களுக்கு 'உரா'. அது பறக்கும்போது விடும் ஒரு துளி நீர் நம் மேல் பட்டால் தோலுக்குள் புழு வைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் சரிபார்த்ததில்லை. அதற்கு நாங்கள் காலம் காலமாக அளித்துவந்த வரவேற்பு, செருப்பு.

ஆய்வாளர் அழுதார், படம் எடுத்தார், பேருந்து சரியானதும் போய்விட்டார். போகும்போது லிசென்சியாதாவின் கையைப் பிடித்து, இது தென் அமெரிக்காவின் மாபெரும் பட்டு அந்துப்பூச்சிகளில் ஒன்று என்றும், இதற்கு உங்கள் ஊர் கொடுத்துவைத்திருக்கிறது என்றும் சொன்னார். இன்னும் நிறையச் சொன்னார். ஆனால் லிசென்சியாதா அதற்குள் திருவிழாவுக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் நடந்ததுதான் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.

"செங்கல் நிறம். ஒவ்வொரு இறக்கையிலயும் கண்ணாடி மாதிரி முக்கோணமா ஒரு ஜன்னல். மொத்தம் நாலு ஜன்னல்," என்று லிசென்சியாதா படித்தார். "பகல் பூரா ஒரே எடத்துல அசையாம உக்காந்திருக்கும். யார் தொட்டாலும் சட்டுனு எந்திரிக்காது. சத்தமே போடாது."

தோன் போர்பீரியோவின் கண்கள் கலங்கின.

"நாலு ஜன்னல், அசையாது, சத்தம் போடாது," என்றார். "நம்ம ஆபீஸே பறந்து வந்து மரத்துல உக்காந்த மாதிரி இல்ல இருக்கு."

அரசுப் பணிக்கு மிகவும் தகுதி வாய்ந்த உயிர் எது என்ற கேள்வி அந்த நொடியில் தீர்ந்தது. அந்துப்பூச்சி நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மரம் 'சரணாலயம்' ஆனது. செருப்பால் அடிப்பது தடை செய்யப்பட்டது. செருப்பை மேல்நோக்கிப் பிடிப்பதும் சந்தேகத்துக்குரிய செயலாகக் கருதப்படும் என்று ஒரு துணை விதி சேர்க்கப்பட்டது.

"இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கறது?" என்று தோன் போர்பீரியோ கேட்டார். "சின்னம் பட்டினி கிடந்தா எனக்குக் கெட்ட பேரு."

உடனே ஐவர் கொண்ட 'அந்து ஊட்டச்சத்துக் குழு' அமைக்கப்பட்டது. மறுநாள் காலை மரத்தடியில் ஐந்து தட்டுகள் வைக்கப்பட்டன. ஒன்றில் கரும்புப் பாகு. ஒன்றில் பப்பாளி. ஒன்றில் பாலாடைக்கட்டி. மற்ற இரண்டிலும் சூடான சிப்பா ரொட்டி. பூச்சி பாகு விரும்புமா, ரொட்டி விரும்புமா என்று குழுவினர் அருகிலேயே அமர்ந்து கண்காணித்தனர். பதினோரு மணிக்கு ஐந்து தட்டும் காலி. 'வரவேற்பு அமோகம்' என்று குழு அறிக்கை கொடுத்தது. மறுநாள் தட்டுகள் எட்டாயின.

மூன்றாம் நாள் மதியம் நான் என் வழக்கமான ஈரல் மூலிகைக்காக மரத்தடிக்குப் போனேன். மாமியார் உலக்கையைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ள, உங்க குழுவுல இருக்கறவங்க படிச்சவங்கதான?"

"ஆமாங்க அத்தை."

"அந்தப் பூச்சிக்கு வாயே கெடையாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கிளையை வளைத்து என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தார். அதில் பூச்சி உட்கார்ந்திருந்தது. இறகு போல இரண்டு கொம்பு, கம்பளி போர்த்திய மாதிரி உடம்பு, இறக்கைகளில் நான்கு ஜன்னல். ஒரு ஜன்னல் வழியாக எங்கள் அலுவலகம் தெரிந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கடவுள் செய்து முடிக்காமல் சாப்பிடப் போய்விட்டது போல் இருந்தது.

"இருவத்திரெண்டு வருசமா பாக்கறேன்," என்றார். "முட்டையிலேந்து புழு வரும். பச்சைப் புழு. இந்த ஆரஞ்சு இலையத்தான் ராப்பகலா தின்னும். நாலு வாட்டி சட்டை உரிக்கும், உங்க விரல் தண்டி ஆகும். ஒரு ஆயுசுக்கு வேண்டியத அப்பவே தின்னு முடிச்சிடும். அப்பறம் அங்க பாருங்க, காஞ்ச இலை மாதிரி தொங்குதே, அதான் கூடு. அதுக்குள்ள போய்த் தூங்கும். வெளிய வரப்ப றெக்கை இருக்கும், வாய் இருக்காது. ஒரு வாரம், மிஞ்சிப்போனா எட்டு நாள்தான் உசுரு."

"சாப்பிடாம அந்த எட்டு நாள் என்ன பண்ணும்?"

"பொம்பளப் பூச்சி ஒரு எடத்துல உக்காந்து வாசத்த மட்டும் விடும். ஆம்பளைங்க எங்கெங்கேந்தோ மோப்பம் புடிச்சு வருவானுங்க. சேரும், முட்டை வைக்கும், செத்துப்போகும். சாப்பாட்டுக் கவலை இல்லாததால காதல ஒழுங்கா பண்ணுது. உங்கள மாதிரியா? கல்யாணத்தன்னிக்கு எம் பொண்ணோட ஆடாம மூணு தட்டு சாப்டீங்க."

அது உண்மை. பதிவேட்டில் இல்லாத உண்மை.

"அப்ப அந்த எட்டுத் தட்டு?"

"அஞ்சு பேருக்கு எட்டுத் தட்டு. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. பாலாடை நல்லாருந்துச்சு."

நான் அலுவலகத்துக்குத் திரும்பி அமைதியாக முத்திரை குத்தினேன். உண்மை தெரிந்த ஊழியன் அமைதியாக இருப்பதுதான் நிர்வாகத்துக்கு நல்லது என்று எனக்குப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் குழுவுக்கு ஓர் இடைஞ்சல் வந்தது. ஆளுநர் வரப்போகிறார். அவர் முன்னால் பூச்சி சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதுவோ எந்தத் தட்டின் பக்கமும் வருவதில்லை. குழு மூன்று அமர்வுகள் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தது. உரல் சத்தம். மாமியார் மூலிகை இடிக்கும் 'டொக் டொக்' ஓசையால் பூச்சிக்குச் 'செரிமான மனச்சோர்வு' ஏற்பட்டிருக்கிறது. ஆகவே மேஜையும் உரலும் அகற்றப்பட வேண்டும்.

மாமியாருக்கு அனுப்பியது எச்சரிக்கைக் கடிதம் அல்ல. எங்கள் நகராட்சி பண்பானது. அனுப்பியது நன்றிக் கடிதம். 'இருபத்திரண்டு ஆண்டுச் சேவைக்கு நன்றி' என்று தொடங்கியது. எங்கள் ஊரில் தெரெரே கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால், போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். மாமியார் முதல் வரியோடு நிறுத்திக் கடிதத்தை மடித்தார்.

"ஊத்த வேணாங்கறாங்க," என்றார் மகளிடம்.

"எங்கம்மா வேற எங்க போவாங்க?" என்று ஒப்தூலியா என்னைக் கேட்டாள். "அந்த மரத்தடியில உக்காந்துதான் என்னயும் தம்பியயும் படிக்க வச்சாங்க. நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கீங்க? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"முறைப்படி மனு குடுக்கச் சொல்லு," என்றேன். "மறுப்பு மனுவுக்கு எட்டு வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். சட்டத்துல எடம் இருக்கு."

மாமியார் மனு கொடுத்தார். அதில் ஒரே ஒரு வரி. 'அந்தப் பூச்சிக்கு வாய் கிடையாது.' சான்றாக, உலக்கை நுனியில் ஒட்டியிருந்த பூச்சியையும் உலக்கையோடு கொண்டுவந்தார்.

முதல் ஜன்னல் படித்துப் பார்த்தது.

"வாய் இல்லாதது யாருக்கு? மனுதாரருக்கா?"

"எனக்கு இருக்கறது உனக்குக் கேக்கல? பூச்சிக்கு."

"அப்ப பூச்சிதான் விண்ணப்பிக்கணும்."

"வாய் இருந்தாத்தான வந்து கேக்கும்?"

முதல் ஜன்னல் யோசித்தது. இது விதிகளில் இல்லாத நிலைமை. 'பாதுகாவலர்' என்ற கட்டத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியது. அதற்கு மூன்று நாள் ஆயிற்று.

இரண்டாம் ஜன்னல் அம்மாள் பூச்சியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"வாய் தெரியல. ஆனா தெரியலங்கறதுக்காக இல்லன்னு சொல்ல முடியாது. பூச்சி இப்ப வாய மூடி வச்சிருக்கலாம்."

"தெறக்கற வரைக்கும் நிக்கட்டுமா?"

"வேணாம். சான்றுப் பொருள் ஆபீஸ்ல இருக்கணும். நீங்க போகலாம்."

பூச்சி உலக்கையோடு சேர்த்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. அதன் ஆயுள் எட்டு நாள். எங்கள் மனுவின் ஆயுளும் எட்டு வேலை நாள். இயற்கைக்கும் நிர்வாகத்துக்கும் இப்படியொரு ஒத்திசைவு வேறெங்கும் கண்டதில்லை. பிரச்சினை சனி, ஞாயிறு. இயற்கைக்கு விடுமுறை இல்லை.

என் ஜன்னலுக்குக் கோப்பு வந்த அன்று அலமாரியைத் திறந்தோம். பூச்சி அடித்தட்டில் இறக்கையை விரித்துக் கிடந்தது. நான்கு ஜன்னல்களும் திறந்தே இருந்தன.

லிசென்சியாதா கிரிசெல்தா துக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அஞ்சு நாள் அலமாரியில இருந்துச்சு. அஞ்சு நாளும் சாப்பாடு குடுக்கல. செத்துப்போச்சு. இதுலேந்து என்ன தெரியுது? சாப்பிடற பூச்சிதான். சாப்பாடு இல்லாமதான் செத்துருக்கு."

"அப்ப வாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாய் இல்லாமயா பட்டினியால சாகும்?"

இந்தத் தர்க்கத்தின் முன் கூட்டமே தலைவணங்கியது. வாய் இல்லை என்பதற்குச் சான்றாக வந்த பூச்சி, வாய் உண்டு என்பதற்குச் சான்றாகிவிட்டது. மரணத்துக்குப் பொறுப்பு, பூச்சியை மரத்தின் தட்டுகளிலிருந்து பிரித்து எடுத்துவந்த மனுதாரர்.

இறுதி முடிவுக்குத் தோன் போர்பீரியோ கூட்டம் கூட்டினார். எங்கள் கூட்டங்களில் தெரெரே கோப்பை ஒருவர் மாற்றி ஒருவராக வட்டமாகச் சுற்றும். ஒரே கோப்பை, ஒரே குழல். வந்ததும் உறிஞ்ச வேண்டும், உடனே திருப்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டு பேசுவது மகா மரியாதைக் கேடு.

"மேஜைய எடுக்கறதுல யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று தோன் போர்பீரியோ கேட்டார். என்னையும் பார்த்தார். அவருக்கு உறவுமுறை தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோப்பை என் கைக்கு வந்தது. திறந்த வாயை வீணாக்காமல் உறிஞ்சினேன். அன்றைய மூலிகை என் மாமியார் இடித்துக் கொடுத்தது. கீழாநெல்லிக் கசப்பும் எலுமிச்சை மணமுமாக மிக நன்றாக இருந்தது. நான் உறிஞ்சி முடித்தபோது தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. முத்திரையை நான்தான் குத்தினேன். நேராக விழுந்திருந்தது.

மாமியார் மேஜையையும் உரலையும் அலமாரியிலிருந்து மீண்ட உலக்கையையும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு மாற்றினார். ஊருக்குக் கோடியில் இருக்கும் வீடு. எங்கள் தெருவுக்குப் பாதி ஊர் நடந்து வர வேண்டும். முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் வழி தவறி வந்தவர்கள்.

"ஒரு வாரம் பாக்கறேன்," என்று ஒப்தூலியாவிடம் சொன்னார். "இல்லன்னா தலைநகருக்கு உன் தம்பிகிட்டப் போயிடறேன்."

ஒப்தூலியா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது.

ஆளுநர் வருகைக்கு முந்தைய நாள் துப்புரவு மேஸ்திரி ஃபுல்ஹென்சியோ தன் ஆட்களோடு சரணாலயத்தில் இறங்கினார். பெரியவர்கள் வந்தால் எங்கள் ஊரில் இரண்டு காரியம் செய்வோம். மரத்தின் அடியை இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்குவோம். குப்பை இலைகளைக் கூட்டி எரிப்போம். ஃபுல்ஹென்சியோ கடமையில் ஒரு படி மேலே போனார். ஏணி போட்டு ஏறி, மரத்தில் அசிங்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த 'காய்ந்த இலை'களை ஒன்று விடாமல் பறித்துப் போட்டார்.

"அப்பப்பா, கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கு சனியன்," என்றார் என்னிடம். "நாப்பத்தி மூணு இலைங்க. ஒண்ணொண்ணுக்கும் ஒரு கயிறு. எண்ணிட்டேன்."

அவை இலைகள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் துப்புரவு என் துறை அல்ல. என் ஜன்னலிலிருந்தே புகை தெரிந்தது. இலை எரிகிற வாசம் இல்லை. தலைமுடி பொசுங்குகிற வாசம். பட்டு அப்படித்தான் நாறும் என்று பிறகு மாமியார் சொன்னார். விட்டுப்போன கடைசி மூலிகைக் கட்டை எடுக்க அப்போது அவர் அங்கே வந்திருந்தார். நெருப்பு ஓரத்தில் கிடந்த ஒரு சுள்ளியைக் குனிந்து எடுத்துக் கட்டுக்குள் செருகிக்கொண்டு போனார்.

விழா சிறப்பாக நடந்தது. வாத்தியக்குழு வாசித்தது. ஆளுநர் திரையை விலக்கினார். உள்ளே ஆளுயரச் சிமெண்ட் அந்துப்பூச்சி. நான்கு ஜன்னல்களுக்கும் நீலக் கண்ணாடி. முகம் உம்மென்று இருந்தால் சுற்றுலா வளராது என்று லிசென்சியாதா சொன்னதால், சிற்பி ஒரு சிரித்த வாயும் வைத்திருந்தார். பல் வரிசையோடு.

"நெஜப் பூச்சி எங்க?" என்று ஆளுநர் கேட்டார்.

"கூச்ச சுபாவங்க," என்றார் தோன் போர்பீரியோ.

"அப்ப சாப்பாட்ட எந்த வாயில ஊட்டறது?"

தோன் போர்பீரியோ சிமெண்ட் வாயைக் காட்டினார். பிறகு வெள்ளிக் கரண்டி நீட்டப்பட்டது. ஆளுநர் ஒரு கரண்டி கரும்புப் பாகைச் சிமெண்ட் வாய்க்குள் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினோம். படம் எடுத்தார்கள். எங்கள் நகராட்சியின் வரலாற்றில் அந்து ஊட்டச்சத்துத் திட்டத்தின் உணவு, அந்துப்பூச்சியின் வாய்க்குள் போனது அன்று ஒருநாள்தான். மறுநாள் சிமெண்ட் வாயிலிருந்து சுண்ணாம்பு அடித்த வேர்வரை எறும்புச் சாரை.

அதற்கு மூன்றாம் நாள் காலை ஒப்தூலியா என்னை எழுப்பினாள்.

"முற்றத்துக்கு வாங்க. கத்தாதீங்க."

மாமியாரின் மேஜை மேல் அந்தச் சுள்ளி. அதில் ஒரு கூடு, ஓரத்தில் கருகி, நுனியில் திறந்து. மேஜைக் காலில் நன்றிக் கடிதம் ஆணியடித்து மாட்டியிருந்தது. ஈ ஓட்ட உதவும் என்று வைத்திருந்தார். அதன் மேல் செங்கல் நிறத்தில் ஒரு பெண் பூச்சி. அதைச் சுற்றி, மூலிகைக் கட்டுகளிலும் கொசுவலையிலும் கொடியில் காய்ந்த என் அலுவலகச் சட்டையிலும், பதினொரு ஆண் பூச்சிகள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தனவோ, சிலவற்றின் இறக்கை ஓரம் கிழிந்திருந்தது. யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை. யாரும் தட்டு வைக்கவில்லை.

"நாப்பத்தி மூணுல ஒண்ணு," என்றார் மாமியார். உரலைக் கழுவத் தொடங்கினார்.

மதியத்துக்குள் ஊரே வந்தது. செருப்பைத் தெருவிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். பார்த்தவர்கள் நின்றார்கள். நின்றவர்களுக்குத் தாகம் எடுத்தது. தாகம் எடுத்தவர்களின் முகத்தை மாமியார் பார்த்தார். "ஈரலா, சிறுநீரகமா, மனசா?" உரல் நாள் முழுக்க இடித்தது. பன்னிரண்டு பூச்சிகளில் ஒன்றுக்கும் செரிமான மனச்சோர்வு வரவில்லை. தலைநகர்ப் பயணத்துக்குக் கட்டி வைத்த பெட்டியை ஒப்தூலியா அவிழ்த்துவிட்டாள்.

நகராட்சி சும்மா இருக்குமா? நகரச் சின்னங்கள் பன்னிரண்டைத் தனியார் முற்றத்தில் அனுமதியின்றி வைத்திருப்பதாகவும், அவற்றை உடனே சரணாலயத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் மூலிகை விற்கும் உரிமம் ரத்து என்றும் ஓர் அறிவிப்பு தயாரானது. முதல் ஜன்னல் மூன்று நாள். இரண்டாம் ஜன்னல் மூன்று நாள். பிறகு என்னிடம் வந்தது.

அதை நான் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒரு குடும்பத்தின் நியாயம், ஓர் ஊரின் நியாயம், மை உலரும் நேரம் எல்லாவற்றையும் யோசித்தேன். பிறகு முத்திரை குத்தினேன். நான்காம் ஜன்னல் மூடியிருந்ததால், அறிவிப்பை நானே வீட்டுக்கு எடுத்துப்போனேன். நிர்வாகச் சிக்கனம்.

முற்றத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் ஊற்றிக்கொண்டிருந்தார். பூச்சிகள் அன்று காலையே ஒவ்வொன்றாக விழுந்து முடிந்திருந்தன. எட்டாம் நாள். இறக்கைகளை ஒரு துணியில் அடுக்கி வைத்திருந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். படித்தார். கீழே இருந்த முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மை இன்னும் முழுதாகக் காயவில்லை.

"பன்னெண்டும் அந்தத் துணியில இருக்கு. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றார். பிறகு மேஜைக் காலைக் காட்டினார். நன்றிக் கடிதத்தின் மேல், 'நன்றி' என்ற சொல்லை மூடிக்கொண்டு, வரிசை வரிசையாக முட்டைகள். "இதுக்கு மட்டும் நோட்டீஸ் வரல. இது என்னோடது. வேலியோரம் ஆரஞ்சுக் கன்னு வச்சிருக்கேன்."

நான் தலையை ஆட்டிவிட்டு வட்டத்தில் காலியாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். வெயிலில் நடந்து வந்த களைப்பு. ஈரல் பக்கம் லேசான வலி வேறு. கோப்பை வலப்பக்கமாகச் சுற்றி வந்தது. ஒருவர் குடித்தார், கொடுத்தார். அடுத்தவர் குடித்தார், கொடுத்தார். எனக்கு இடப்பக்கம் இருந்தவர் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பினார். மாமியார் அதை நிரப்பினார். நான் கையை நீட்டினேன்.

கோப்பை என் கையைத் தாண்டி, வலப்பக்கம் இருந்தவரிடம் போனது.

"அத்தை," என்றேன். "எனக்கு?"

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். ஈரலா, சிறுநீரகமா, மனசா என்று கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்படி ஊத்தறது மாப்பிள்ள," என்றார். "உங்களுக்குத்தான் வாயே கெடையாதே."